புகைமருந்துக்குப் பதில் வேம்பும் செரையும் போதுமா? பந்திங் வட்டாரத்து விவாத இழை

தாமான் செயலாளர்:

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பந்திங் பட்டணத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ஒரு தாமானின், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பின், குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். இங்கிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து வெளியேறி, மாதத் தவணையில் வீடு வாங்கியவர்கள். அண்மையில் எங்கள் வரிசையில் டிங்கிக் காய்ச்சல் உறுதியானதும் சுகாதாரத் துறையினர் வந்து புகைமருந்து அடித்தார்கள். அப்போது சில வீட்டார் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, அந்த விஷம் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள்.

இப்போது அவர்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறார்கள். சங்கச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, ஒரு வியாபாரி விற்கும் மூலிகைக் கொசு மருந்தை வாங்கி, மாதம் ஒருமுறை கால்வாய்களிலும் வீடுகளிலும் தெளிக்க வேண்டும் என்பது அத்தீர்மானம். வேம்பும், செரை வாங்கி எனப்படும் சிட்ரோனெல்லா வாசனைப் புல்லும், துளசியும் அதில் இருக்கின்றனவாம். எது எவ்வளவு என்று புட்டியில் எழுதப்படவில்லை. எதிர்த்தரப்பினர் இதைப் பாட்டி வைத்தியம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். இரு தரப்பிலும் குரல்தான் உயர்கிறதே தவிர விவரம் எதுவும் வரவில்லை. தாவரங்களிலிருந்து கிடைப்பவை கொசுவை உண்மையில் கொல்லுமா, விரட்ட மட்டும் செய்யுமா, புகைமருந்தின் இடத்தை அவை பிடிக்க முடியுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், கூட்டத்தில் பேசுவதற்கு எனக்கு உதவியாக இருக்கும்.

கங்காணி வீட்டு மருமகள்:

அண்ணன், என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் தணலில் காய்ந்த வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை காட்டுவது வழக்கம். புகை இருக்கும்வரை கொசு அண்டுவதில்லை. புகை அடங்கியதும் அது திரும்பி வந்துவிடும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலியோரம் நொச்சியும் வளர்த்திருக்கிறேன். சென்னையில் மாநகராட்சியே கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்களுக்குக் கொசுவுக்காக நொச்சிக் கன்று கொடுத்ததாகச் செய்தியில் படித்த பிறகு அதன்மீது நம்பிக்கை கூடியது. ஆனால் நொச்சி வந்ததால் கொசு குறைந்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பகலில் பிள்ளைகளைக் கடிக்கும் வரிக்கொசுவுக்கு என்ன செய்வது என்பதே என்னுடைய கவலை. ஏனென்றால் நாங்கள் புகை காட்டுவது அந்தி வேளைக்குப் பிறகுதான்.

லயத்துப் பேரன்:

சிரிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து என்றதும் நம் வீட்டுப் பெண்கள் கதவை அடைப்பதற்குத் தோட்டத்தில் காரணம் இருக்கிறது. என் தாயார் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நிரை நிரையாகப் பாராகுவாட் அடித்தவர். நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்ததையும் நான் சிறுவனாக இருந்தபோது கண்ணால் கண்டேன். கையுறை கேட்டால் வேலை இல்லை என்ற காலம் அது. அந்தக் களைக்கொல்லியை 2002இல் தடை செய்வதாக அறிவித்தார்கள். 2006இல் தடையை விலக்கிக்கொண்டார்கள். கடைசியில் 2020இல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அடித்த பெண்களுக்கு யார் பதில் சொல்வது? பாதுகாப்பானது என்று அதிகாரிகள் சொன்னால் நாங்கள் தயங்குவதை மூடநம்பிக்கை என்று எழுத வேண்டாம்.

பூச்சியியல் மாணவி:

லயத்துப் பேரன் அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் களைக்கொல்லியும் கொசுப் புகையும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் விவாதம் குழம்பிவிடும். நம் நாட்டில் கொசுவுக்குப் புகையாக அடிக்கப்படுபவை பெரும்பாலும் மாலத்தியானும் பைரீத்ராய்டு வகை மருந்துகளுமே. இந்தப் பைரீத்ராய்டுகளின் மூலம் ஒரு பூ என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பைரீத்ரம் என்னும் சாமந்தி இனப் பூவைக் காயவைத்துப் பொடித்தால், அந்தப் பொடி பூச்சியின் நரம்பைத் தாக்கி அதை வீழ்த்தும். 1890களில் சப்பானில் அந்தப் பொடியைப் பிசைந்துதான் முதல் கொசுவர்த்திச் சுருள்களைச் செய்தார்கள். பூவின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது, விளைச்சலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்பதால் வேதியியலாளர்கள் அதன் மூலக்கூற்றைப் பார்த்து 1949இல் அலெத்ரினையும், 1970களில் வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரினையும் உருவாக்கினார்கள். ஆகவே தாவரம் ஒரு பக்கம், இரசாயனம் மறுபக்கம் என்று கோடு கிழிக்க முயன்றால், அந்தக் கோடு கொசுவர்த்திச் சுருளின் நடுவிலேயே போகும்.

செயலாளர் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். கொசுவை நீரில் புழுவாக இருக்கும்போது எதிர்கொள்ளலாம். காற்றில் பறக்கும்போது எதிர்கொள்ளலாம். நம் தோலில் வந்து உட்காரும்போதும் எதிர்கொள்ளலாம். தாவரப் பொருள்களின் வலிமை இம்மூன்றிலும் ஒரே அளவில் இல்லை. பறக்கும் கொசுவைப் பொறுத்தவரை, நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 200 மீட்டர் வட்டத்துக்குள் கிருமியைச் சுமந்து திரியும் கொசுவை அன்றைக்கே வீழ்த்துவதுதான் புகையின் நோக்கம். அந்த வேலையை அதே வேகத்தில் செய்யக்கூடியது தாவரங்களில் பைரீத்ரம் பூச்சத்து ஒன்றுதான். அதைத் தெளிக்கும் நாடுகளும் உண்டு, ஆனால் அது விலை மிகுந்த பொருள். வேப்பெண்ணெயும் செரை எண்ணெயும் அந்த வேலைக்கு ஆகா. இதைச் சொல்லும்போதே புகையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது பறந்துகொண்டிருக்கும் கொசுவைத் தொட்டால் மட்டுமே கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் அது தொடுவதில்லை என்பதால் மறுநாளே புதிய கொசுக்கள் வெளிவரும். அதோடு, டிங்கியைப் பரப்பும் நம் நாட்டு ஏடிஸ் கொசுக்களில் பெர்மெத்ரினைத் தாங்கும் தன்மை வளர்ந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. கதவை அடைத்த வீட்டாருக்கு அடைப்பதற்கு உரிமை இருக்கலாம். ஆனால் ஏடிஸ் ஈஜிப்டி வீட்டுக்குள் துணி தொங்கும் மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் ஓய்வெடுக்கும் கொசு என்பதால், அடைத்த வீடு அதற்கு நல்ல புகலிடமாகிவிடுகிறது.

செரை வயல்:

நான் மோரிப் சாலைப் பக்கம் சிறிய நிலத்தில் செரை வாங்கி பயிரிட்டு எண்ணெய் வடிக்கிறவன். தங்கை எழுதியதில் புகையைப் பற்றிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செரை எண்ணெய்க்கு வேலையே இல்லை என்பதுபோல் படிப்பவர்களுக்குத் தோன்றிவிடக் கூடாது. அதில் உள்ள சிட்ரோனெல்லாலும் சிட்ரோனெல்லோலும் ஜெரானியோலும் கொசுவின் மோப்பத்தைத் தடுமாற வைப்பவை என்பது நிறுவப்பட்ட செய்திதானே? மாலையில் பந்து விளையாடப் போகும் பிள்ளைகள் கையில் காலில் தேய்த்துக்கொண்டு போகிறார்கள். பெற்றோர் திரும்ப வந்து வாங்குகிறார்கள்.

பூச்சியியல் மாணவி:

வேலை உண்டு, அண்ணன். எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் கேள்வி. 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு சோதனையில், தன்னார்வலர்களின் கைகளில் பல விரட்டிகளைத் தடவி, ஏடிஸ் கொசுக்கள் அடைத்த கூண்டுக்குள் நீட்டச் செய்தார்கள். 23.8 விழுக்காடு டீட் என்னும் இரசாயனம் கலந்த விரட்டி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் காத்தது. சோயா எண்ணெய் கொண்ட ஒன்று ஒன்றரை மணி நேரம் தாங்கியது. செரை எண்ணெய் வகைகள் சராசரியாக இருபது நிமிடத்துக்கும் குறைவாகவே நின்றன. கையில் கட்டும் விரட்டி வளையங்கள் எதையும் காக்கவில்லை. செரை எண்ணெயின் பலவீனம் அதன் மணத்திலேயே இருக்கிறது. விரைவில் ஆவியாவதால்தான் அது மணக்கிறது, ஆவியாகித் தீர்ந்ததும் காவலும் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் வனிலின் போன்றவற்றைச் சேர்த்து ஆவியாவதைத் தாமதப்படுத்த முயல்கிறார்கள்.

தாவரத்திலிருந்து வரும் விரட்டிகளில் நீண்ட நேரம் நிற்பது எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து எடுக்கப்படும் பி.எம்.டி. என்னும் பொருள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2005இலிருந்து அதைப் பரிந்துரைத்து வருகிறது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம் என்கிறது. கடையில் விற்கும் சாதாரண யூகலிப்டஸ் தைலமும் இதுவும் ஒன்றல்ல.

அக்கா கேட்ட நொச்சிக்கும் பதில் இதோடு சேர்ந்ததுதான். நொச்சியின் இலைச்சாற்றுக்கும் புகைக்கும் விரட்டும் தன்மை இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இலைக்குள் இருக்கும் எண்ணெய், இலையைக் கசக்கினாலோ எரித்தாலோதான் போதிய அளவில் வெளியே வரும். வேலியில் சும்மா நிற்கும் செடி தன்னைச் சுற்றி ஒரு காவல் வட்டம் போடுவதில்லை. தொட்டியில் செரையும் துளசியும் வளர்த்து, அந்தத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி:

பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறீர்கள். இந்தக் கடற்கரைச் சமவெளியில் கொசுவோடு நடந்த போராட்டத்தின் பழைய கதையும் தெரிந்திருந்தால் சங்கக் கூட்டத்துக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவ அதிகாரியாக வந்த மால்கம் வாட்சன், பட்டணமே மலேரியாவில் படுத்துக் கிடந்ததைக் கண்டார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கூலிகள் காய்ச்சலில் விழுந்து, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் நிலை வந்தது. காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்ததும் காய்ச்சல் அடங்கியது. ஏனென்றால் இக்கரையோரத்துக் கொசு நிழல் விழும் சதுப்பில் முட்டையிடும் வகை. மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது நேர்மாறாக நடந்தது. அங்கே வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்பும் வேறொரு வகைக் கொசு இருந்ததால், காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகி, நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள்.

அப்புறம்தான் தோட்டங்களில் கால்வாய் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் வேலை வந்தது. நான் தோட்டத்து எழுத்தராகச் சேர்ந்து பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் எழுதத் தொடங்கிய காலத்திலும் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார்; காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு கால்வாய் கால்வாயாகப் போவார். எண்ணெய்ப் படலம் மூடினால் புழுவுக்கு மூச்சு விட வழியில்லை, அவ்வளவுதான் அதன் தத்துவம். செடிகளைக் கொண்டு கொசுவைக் கட்டுப்படுத்திய ஒரு வேடிக்கையான வழியும் உண்டு. 1930களில் அசாம் தேயிலைத் தோட்டங்களில், வெயிலை விரும்பும் கொசுவைத் துரத்துவதற்காக ஓடைக் கரைகளில் அடர்ந்த புதர்களை நட்டு நீரை இருளாக்கினார்கள். அந்தச் செடிகளில் மருந்து எதுவும் இல்லை. நிழல்தான் வேலை செய்தது. எந்தக் கொசு, எந்த நீரில் வளர்கிறது என்று முதலில் பார்த்தவர்களுக்குத்தான் காரியம் நடந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் தாமானில் ஏடிஸ் எந்த நீரில் வளர்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?

தாமான் செயலாளர்:

ஐயா கேட்ட பிறகுதான் சுகாதாரத் துறையினர் விட்டுச்சென்ற தாளை எடுத்துப் பார்த்தேன். புழு கிடைத்த இடங்களில் பெரிய கால்வாய் ஒன்றுகூட இல்லை. குளியலறைத் தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மழைநீர் பிடிக்கும் தோம்பு (பீப்பாய்), கூரைத் தகரக் குழாய், வீட்டுக்குப் பின்னால் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய டயர் ஆகியவையே எழுதப்பட்டிருக்கின்றன. தீர்மானம் கொண்டுவருபவர்கள் மாதந்தோறும் மருந்து தெளிக்கச் சொல்லும் இடமோ கால்வாய்.

லயத்துப் பேரன்:

அப்படியானால் தோம்பிலும் தொட்டியிலும் போடுவதற்கு அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்துக்குப் பதிலாக வேம்பைப் போடலாமே? எங்கள் பக்கம் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் துபா என்னும் கொடியின் வேரை இடித்துப் போட்டால் புழு ஒன்றும் மிஞ்சாது என்றார். அதுவும் மண்ணில் விளைந்ததுதான்.

பூச்சியியல் மாணவி:

துபா வேரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், அண்ணன். அதில் உள்ள ரோட்டினோன் உயிரணுக்களின் மூச்சையே நிறுத்தும் பொருள். ஆற்றில் மீன் பிடிக்க அந்த வேரை இடித்து விட்டது இங்கே பழைய வழக்கம்; நஞ்சு வைத்து மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. போருக்கு முன்பு மலாயாவிலிருந்து இந்த வேரைப் பூச்சிமருந்துக்காகக் கப்பலில் ஏற்றுமதி செய்தார்கள். பிறகு எலிகளுக்குத் தொடர்ந்து ரோட்டினோன் செலுத்திய ஆய்வில் பார்க்கின்சன் நோயைப் போன்ற பாதிப்பு தோன்றியது 2000ஆம் ஆண்டில் வெளியானது. கால்வாயில் புழுவைத் தின்னும் கப்பி மீன்களைத்தான் அது முதலில் கொல்லும். மண்ணில் விளைந்தது என்பதால் ஒரு பொருள் பாராகுவாட்டைவிடச் சாதுவாகிவிடுவதில்லை.

வேம்பு அப்படிப்பட்டதல்ல; அதைப் பற்றி விரிவாகவே எழுதலாம். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்வதில்லை. புழு தோலுரித்து வளர வேண்டிய சமயத்தில் அதன் உடலில் சுரக்கும் கட்டளைகளைக் குழப்பிவிடுவதால், அது தோலுரிக்க முடியாமலோ, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவர முடியாமலோ சில நாட்களில் சாகும். இந்த மாதிரி மருந்தைப் போட்டவர்கள் மறுநாள் எட்டிப் பார்த்துப் புழு நீந்துவதைக் கண்டதும் பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், வெறும் வேப்பெண்ணெயைத் தோம்பில் ஊற்றியவர்கள் புழு ஒரே நாளில் செத்தது என்று புகழ்கிறார்கள். அங்கே கொன்றது வேம்பின் கசப்பல்ல, கிராணி ஐயா சொன்ன எண்ணெய்ப் படலமே. சமையல் எண்ணெயை ஊற்றினாலும் அதே பயன் கிடைத்திருக்கும்.

அளவுதான் பெரிய சிக்கல். அபேட் எனப்படும் ஒரு விழுக்காட்டு மணல் மருந்தை பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்று போடுகிறோம். அப்படிப் பார்த்தால் 200 லிட்டர் தோம்புக்கு 20 கிராம் மணல். அதில் மருந்தாக இருப்பது 0.2 கிராம் மட்டுமே. இலைச்சாறுகளைப் பற்றிய ஆய்வுகளில், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் அளவில் புழுவைக் கொல்லும் சாற்றையே நல்லது என்று கணக்கில் எடுக்கிறார்கள். அந்த மேல் எல்லையில் வைத்தால் அதே தோம்புக்கு 20 கிராம் கெட்டிச் சத்து வேண்டும், அதாவது நூறு மடங்கு. அதைக் காய்ச்சி எடுக்க எத்தனை கூடை இலை, எவ்வளவு சாராயக் கரைப்பான், எத்தனை மணி நேரம் அடுப்பு என்று செரை வயல் அண்ணனுக்குத் தெரியும். எடுத்த சத்தும் வெயிலில் சில நாட்களுக்குள் சிதையும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அதன் வலிமை மாறும் என்பதால் இன்று பலித்த அளவு அடுத்த மாதம் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

சத்து எடுக்காமல் இலையை அப்படியே நீரில் போடுவது இன்னும் மோசம். இலை அழுகிய நீரின் வாடை முட்டையிட வரும் ஏடிஸ் பெண்கொசுவை ஈர்க்கும். கொசு முட்டைப் பொறிகளில் வைக்கோல் ஊறிய நீரை வேண்டுமென்றே ஊற்றி வைப்பது இதற்காகத்தான்.

மருத்துவமனைத் தாதி:

வேப்பெண்ணெயைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. அதைத் தொட்டியில் ஊற்றலாமா, தோலில் தடவலாமா என்பது வேறு. வீட்டில் புட்டியாக வாங்கி வைத்துவிட்டால் நம்மவர்களில் சிலர் அதைக் குழந்தைக்குச் சளிக்கும் வயிற்றுக்கும் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவார்கள். வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகளுக்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டதையும், மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதையும் 1981இல் லான்செட் இதழில் எழுதி உலகுக்கு எச்சரித்தவர்கள் நம் கோலாலம்பூர் மருத்துவர்களே. அந்தக் குழந்தைகள் நம் சமூகத்துக் குழந்தைகள். சங்கம் வேப்பெண்ணெயைப் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தால், இதைப் புட்டியின்மேல் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய பிறகே கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம்.

புகை காட்டும் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. அடைத்த அறையில் எந்தப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்படும் கொசுவர்த்திச் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அந்தத் துகள் பெரும்பாலும் சுருளில் உள்ள மரத்தூளும் பிற எரிபொருளும் எரிவதால் வருவது. வேப்பிலையும் சாம்பிராணியும் அந்த வகையில் விலக்குப் பெற்றவை அல்ல. இளைப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புகையை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

செரை வயல்:

நூறு மடங்குக் கணக்கைப் படித்ததும் என் மனைவி சிரித்துவிட்டார். வடிகலனுக்கு விறகு தள்ளுகிறவர் அவர்தான். ஒரு தோம்புக்கே அவ்வளவு என்றால் தாமான் முழுவதற்கும் என் நிலம் போதாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். தாவரச் சாற்றில் பல பொருள்கள் கலந்திருப்பதால் கொசு அதை எதிர்த்து வளர நாளாகும் என்கிறார்களே, அது உண்மைதானே? மருந்தைத் தாங்கும் கொசு பெருகிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு காரணத்துக்காகவாவது இந்தத் துறையில் பணம் போட வேண்டாமா?

பூச்சியியல் மாணவி:

உண்மைதான், அண்ணன், ஆராய்ச்சிக்கூடங்கள் பணம் போடுவதற்கு அது நல்ல காரணம். வரிசை வீடுகளின் சங்கச் சேமிப்பைப் போடுவதற்கு அது போதாது. அபேட் வேண்டாம் என்பவர்களுக்கு இன்றே கையில் கிடைக்கும் மாற்று ஒன்று உண்டு. ஆனால் அது செடியிலிருந்து வருவதன்று, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வருவது. பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1976இல் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழு செத்துக் கிடந்த ஒரு குட்டையில் அதைக் கண்டெடுத்தார்கள். அது உண்டாக்கும் படிகப் புரதம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலுக்குள் போனால்தான் நஞ்சாக மாறும். மனிதர்களையும் மீன்களையும் அது ஒன்றும் செய்வதில்லை. நம் சுகாதாரத் துறையும் அதைத் தெளித்து வருகிறது. இரசாயனம் வேண்டாம் என்னும் தரப்பினரின் கவலைக்கு, புட்டியில் அளவு எழுதாத மூலிகைக் கலவையைவிட இது நேர்மையான பதில் என்பது என் கருத்து.

லயத்துப் பேரன்:

படித்தேன். துபாவை விட்டுவிடுகிறேன். ஆனால் பி.டி.ஐ. ஆனாலும் மாலத்தியான் ஆனாலும், எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் என்ன அடிக்கிறோம், எத்தனை மணிக்கு அடிக்கிறோம், சமையல் பாத்திரத்தையும் தொட்டில் குழந்தையையும் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தமிழில் சொல்ல வேண்டும். அன்றைக்கு மலாயில் ஒரே ஒரு அறிவிப்பு, அதுவும் ஒலிபெருக்கியில். மருந்தின் பெயரை நான் கேட்டதற்கு அந்தப் பையனுக்கே தெரியவில்லை. கதவு அடைபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைச் செயலாளர் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

தாமான் செயலாளர்:

கட்டாயம் சொல்கிறேன், தம்பி. அதைத் தனித் தீர்மானமாகவே எழுதி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பலாம். வியாபாரியின் மருந்து பற்றி இன்னொரு ஐயம். அதைச் சங்கம் வாங்கித் தெளித்தால் சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

செரை வயல்:

வரும், அண்ணன். இந்த வேலையில் இருப்பதால் எனக்குத் தெரியும். 1974ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி கொசுவைக் கொல்லும் அல்லது விரட்டும் என்று சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளும், செடியிலிருந்து வந்தாலும், விவசாய இலாகாவின் கீழுள்ள பூச்சிமருந்து வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்றதன் அடையாளமாக எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் புட்டியில் அச்சாகியிருக்கும். உள்ளிருக்கும் பொருளும் அதன் விழுக்காடும் அதே சீட்டில் இருக்கும். பதிவுக்கு ஆகும் செலவும் சோதனைச் சான்றுகளும் என்னைப் போன்றவனுக்கு எட்டாதவை. அதனால் நான் என் எண்ணெயை வாசனை எண்ணெய் என்றே விற்கிறேன். கொசு என்ற சொல் என் சீட்டில் இருக்காது. வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்கும் எனக்கும் தெரியும்.

ஓய்வுபெற்ற கிராணி:

தம்பியின் சாமர்த்தியத்தைக் கிராணி என்ற முறையில் பாராட்டுகிறேன்.

கங்காணி வீட்டு மருமகள்:

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் சிறுதோட்டக்காரர் ஒருவரின் பழைய ரப்பர் மரங்கள் இருக்கின்றன. பால் வெட்டுவதை நிறுத்தி நாளாகிவிட்டது. பால் பிடிக்கும் கிண்ணங்களான மங்குகள் மட்டும் மரத்தில் வாயைத் திறந்தபடி மழைநீரோடு தொங்குகின்றன. பக்கத்தில் மூங்கில் வெட்டிய கட்டைகளும் உண்டு. பகலில் கடிக்கும் வரிக்கொசு அங்கிருந்துதான் வருகிறதோ என்று இப்போது தோன்றுகிறது. அங்கே வேப்பம்பிண்ணாக்கு போட்டால் பயன் உண்டா?

பூச்சியியல் மாணவி:

அங்கிருந்து வருவது பெரும்பாலும் டிங்கியைப் பரப்பும் இன்னொரு வகையான ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆக இருக்கும், அக்கா. தோட்ட ஓரங்களில் மங்கும் மூங்கில் கட்டையும் அதற்குப் பிடித்த இடங்கள். மங்குக்கு எந்த மருந்தும் வேண்டாம். உரிமையாளரிடம் சொல்லிக் கழற்றி அடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கம்பியிலேயே கவிழ்த்துவிடுங்கள். கவிழ்ப்பதற்கு முன் உட்புறத்தைத் தேய்த்துவிட வேண்டும்; ஏனென்றால் முட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். மூங்கில் கட்டையின் குழிக்குள் மணலைக் கொட்டி மூடுங்கள். பிள்ளைகள் காலையிலும் மாலை வேளையிலும் வெளியே விளையாடும்போது முழுக்கைச் சட்டை போடட்டும். அந்த இரு வேளைகளில்தான் அது அதிகம் கடிக்கும். செரை எண்ணெய் பிடிக்கும் என்றால் தேங்காயெண்ணெயில் கலந்து தடவுங்கள். பதிவு எண் உள்ள விரட்டியைப் போல நெடுநேரம் நிற்காது என்பதை மட்டும் நினைவில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டியிருக்கும்.

செரை வயல்:

தங்கை, என் எண்ணெயைப் புழுமீது நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? விற்பதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக.

பூச்சியியல் மாணவி:

முறையான சோதனையில் ஒரு கிண்ணத்துக்கு 25 புழு என்று, ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது நான்கு கிண்ணம் வைப்பார்கள். மருந்து கலக்காத கிண்ணங்களும் பக்கத்தில் இருக்கும். எண்ணெயை நீரில் கரைக்கப் பயன்படுத்திய பொருளை மட்டும் ஊற்றிய கிண்ணங்களையும் சேர்த்து வைக்காவிட்டால், கொன்றது எண்ணெயா கரைப்பானா என்று தெரியாது. 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். வேம்பைப் போல வளர்ச்சியைத் தடுக்கும் பொருளானால் கொசு வெளிவரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் செய்யாதீர்கள், அண்ணன். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் புழு வளர்ந்தாலே தண்டம் உண்டு; ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னால் அதிகாரி ஏற்க மாட்டார். புட்டியொன்றை எனக்கு அனுப்புங்கள். எங்கள் கூடத்தில் இடம் கிடைக்கும்போது, மேற்பார்வையாளர் ஒப்பினால் செய்து பார்த்து முடிவை இங்கேயே எழுதுகிறேன். சாதகமாக இல்லாவிட்டாலும் எழுதுவேன்.

தாமான் செயலாளர்:

கூட்டத்தில் வைப்பதற்கு நான் எழுதியிருப்பது இதுதான். மூலிகை மருந்துக்குப் பணம் ஒதுக்குவதை, வியாபாரி பதிவு எண்ணைக் காட்டும்வரை நிறுத்திவைக்கக் கேட்கிறேன். அவருக்குச் செய்தி அனுப்பினேன், புட்டியின் விலைப் பட்டியல் மட்டும் பதிலாக வந்தது. சேமிப்பிலிருந்து தோம்புகளுக்கு வலை மூடியும், டயர்களை ஏற்றிக்கொண்டு போக லோரி வாடகையும் கொடுக்கலாம். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் கொசு வளரும் இடங்களைத் தேடி அழியுங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வதை, எங்கள் தாமானில் ஞாயிறு காலை கோவில் மணி அடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். மூடவும் கவிழ்க்கவும் முடியாத தொட்டிகளுக்குப் பி.டி.ஐ. கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். புகைமருந்து அடிக்கும் நாளுக்கு முன்பே மருந்தின் பெயரையும் நேரத்தையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்னும் தம்பியின் கோரிக்கை முதல் தீர்மானமாக வருகிறது. கதவை அடைத்த வீட்டாரில் இருவர் அதற்கு வழிமொழிய முன்வந்திருக்கிறார்கள்.

கங்காணி வீட்டு மருமகள்:

மங்குகளைக் கழற்ற உரிமையாளர் ஒப்புக்கொண்டார், அண்ணன். ஆள் கூலி மட்டும் கேட்கிறார். லோரி வாடகையோடு அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.